கம்பியில்லாக் கேம்பேடும் குறையும் பிரேம் வீதமும்

தனிக்கணினியில் விளையாடுவோர் கையில் பிடிக்கும் கருவி, திரையில் ஓடும் படத்தின் வேகத்தையே குறைத்துவிட முடியுமா என்ற கேள்வி, கம்பியில்லாத கேம்பேடுகள் பரவிய பிறகு எழுந்த புதிய கேள்வியாகவே பலராலும் கருதப்படுகிறது. உண்மையில் அது தனிக்கணினி பிறந்த ஆண்டிலேயே பிறந்த கேள்வி. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் அதற்கு ஒரு விடையைக் கொண்டுவந்திருக்கிறது, அடுத்த தலைமுறை வந்ததும் அந்த விடை போதாமல் போயிருக்கிறது. கம்பியைச் செருகி ஆடினால் சீராக ஓடும் கால்பந்து விளையாட்டோ கார்ப் பந்தயமோ, கம்பியை எடுத்துவிட்டு, கணினியில் செருகும் டாங்கிள் என்ற சிறு அலைவாங்கி வழியாகவோ புளூடூத் வழியாகவோ ஆடும்போது திக்கித் திக்கி ஓடுகிறது என்பதே இன்று கேட்கும் முறையீட்டின் வழக்கமான வடிவம். காற்றில் உள்ள அலை நெரிசல், இயக்க அமைப்பின் சுமை, விளையாட்டு நிரலின் குறை, நடுவில் நிற்கும் துணை மென்பொருள், விளையாடுபவரின் கண்மயக்கம் என்று இதற்குக் காரணங்கள் பலவாறு கூறப்படுகின்றன.

இதைப் பொழுதுபோக்கின் ஓரத்துச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. கைலி நெசவும் தீப்பெட்டித் தொழிலும் வேர்கொண்ட குடியாத்தம், தோல் தொழிலை நம்பிய ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற வேலூர் வட்டாரத்து ஊர்களில், பல வீடுகளில் கணினி என்பது படிப்புக்கும் வேலை தேடலுக்கும் விளையாட்டுக்கும் பொதுவான ஒரே இயந்திரம். காரணத்தைத் தவறாகக் கணித்து ஒரு கிராபிக்ஸ் கார்டை மாற்றினால், அந்த வீட்டின் பல மாதச் சேமிப்பு கரைந்த பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே எந்த விடை எதுவரை நிற்கும் என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலையாகும்.

ஒரு சொல்லுக்குள் மூன்று கோளாறுகள்

பிரேம் எனப்படுவது திரையில் தோன்றி மறையும் ஒரு தனிப் படம். ஒரு நொடிக்கு எத்தனை பிரேம்கள் வருகின்றன என்பதே பிரேம் வீதம். நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமானால், ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி மட்டுமே. 144 பிரேம்கள் வேண்டுமானால் அந்தக் கெடு 7 மில்லிநொடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்தக் கெடுவுக்குள்தான் கேம்பேடின் நிலையைக் கேட்டறிதல், பாத்திரங்களை நகர்த்துதல், ஒலியைக் கலத்தல், படத்தை வரைதல் ஆகிய அனைத்தும் நடந்து முடிய வேண்டும்.

பேச்சுவழக்கில் "லேக் அடிக்கிறது" என்ற ஒரே தொடர் மூன்று வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கிறது. படமே தாமதமாக வரையப்படுவது ஒன்று. படம் சீராக வந்தாலும் விரலின் அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேர்வது இன்னொன்று. இணையவழி விளையாட்டில், தொலைவிலுள்ள சர்வரிலிருந்து செய்தி வராமல் பாத்திரங்கள் நின்று குதிப்பது மூன்றாவது. முதலாவது மட்டுமே பிரேம் வீதக் குறைவு. மற்ற இரண்டும் கண்ணுக்கு அதுபோலவே தோன்றும். ஆனால் அவற்றின் காரணமும் மருந்தும் வேறு.

சராசரி எண்ணை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 59 பிரேம்கள் உரிய நேரத்தில் வந்து, ஒன்று மட்டும் 100 மில்லிநொடி தாமதித்தாலும், திரையின் மூலையில் தெரியும் நொடிச் சராசரி சற்றே இறங்கிக் காட்டுமேயொழிய, கண்ணில் குத்திய அந்த ஒரு தடங்கலைக் காட்டாது. 2011இல் 'டெக் ரிப்போர்ட்' இதழில் ஸ்காட் வாசன் எழுதிய ஆய்வு, நொடிச் சராசரியை விட்டு ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. கேம்பேடால் வரும் தடங்கல், வந்தால், பெரும்பாலும் இந்த ஒற்றைத் தாமத வகையைச் சேர்ந்தது என்பதால், அந்த அளவுமுறை வருவதற்கு முன் நடந்த விவாதங்கள் பலவும் அளவற்ற விவாதங்களாகவே இருந்தன எனலாம்.

1981இல் கேள்வி எப்படி இருந்தது

ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் தனிக்கணினியோடு வெளியிட்ட கேம் கண்ட்ரோல் அடாப்டர் என்ற அட்டையில், ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் அறிவு இல்லை. ஜாய்ஸ்டிக்கிற்குள் இருந்தது ஒரு மாறுமின்தடை. அட்டையில் இருந்தது மின்தேக்கியை நிரப்பும் ஒரு நேரச்சுற்று. மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கணினியின் மையச் செயலி, "முடிந்ததா, முடிந்ததா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து குச்சியின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். குச்சி ஓரத்தில் இருக்கும்போது 24 மைக்ரோநொடி அளவில் முடியும் இந்தக் காத்திருப்பு, எதிர் ஓரத்துக்குப் போகும்போது 1.1 மில்லிநொடிவரை நீளும். 16.7 மில்லிநொடிக் கெடுவில் அது ஏறத்தாழ 7 விழுக்காடு. செயலி அந்த நேரத்தில் வேறு எதையும் செய்யாது.

அக்காலத்தில் கேள்விக்கான விடை ஐயத்துக்கு இடமின்றி "ஆம்" என்பதே: கட்டுப்பாட்டுக் கருவி விளையாட்டின் நேரத்தைத் தின்றது, அதுவும் குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூடவும் குறையவும் தின்றது. 1996இல் வந்த யு.எஸ்.பி. இணைப்பு இந்த விடையை மாற்றியது. கருவியைக் குறித்த இடைவெளியில் விசாரிக்கும் வேலையை யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லே ஏற்றுக்கொண்டது. புதுச் செய்தி இருந்தால் மட்டும் மையச் செயலிக்குத் தகவல் போனது. கேள்வி தீர்ந்ததாகவே தோன்றியது.

மறுபடி திறந்துவிட்டது கம்பியின்மை. 1983இல் அட்டாரி நிறுவனம் வானொலி அலையில் இயங்கும் ஜாய்ஸ்டிக்குகளை விற்றிருந்தாலும், 2002இல் நின்டெண்டோவின் வேவ்பேர்ட், 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360, 2006இல் புளூடூத்தில் இயங்கிய பிளேஸ்டேஷன் 3 கேம்பேட் ஆகியவை வந்த பிறகே கம்பியின்மை இயல்பானது. 2016இல் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடிலும் புளூடூத் சேர்ந்தபோது, தனி டாங்கிள் இல்லாமலேயே கணினியுடன் அதை இணைக்க முடிந்தது. கருவிக்கும் விளையாட்டுக்கும் இடையே காற்று, ஆண்டெனா, டிரைவர் எனப்படும் இயக்கி நிரல், துணை மென்பொருள் என்று புதிய கண்ணிகள் சேர, பழியைச் சுமத்தத்தக்க இடங்களும் பெருகின.

அலை நெரிசல் என்னும் விடை

இன்று மிகப் பரவலாகச் சொல்லப்படும் விடை இதுவே. அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. புளூடூத், பெரும்பாலான டாங்கிள்கள், பழைய வகை வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு அனைத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. 2012இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, யு.எஸ்.பி. 3.0 இணைப்பின் 5 கிகாபிட் வேகத் தரவோட்டமே இதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகிறது என்றும், அருகிலுள்ள இரைச்சல் அளவு 20 டெசிபல் அளவுக்கு, அதாவது ஆற்றல் கணக்கில் நூறு மடங்கு, உயரக்கூடும் என்றும், கம்பியில்லாத மவுஸ் போன்ற கருவிகள் அதனால் பாதிக்கப்படுகின்றன என்றும் காட்டியது. கேபினெட்டின் பின்புறம், நீலநிற யு.எஸ்.பி. 3.0 துளை ஒன்றில் வெளிப்புற ஹார்டு டிஸ்க். அதற்கு ஒரு விரற்கடை தள்ளிக் கேம்பேடின் டாங்கிள். கேபினெட்டுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓர் இரும்பு பீரோ. சிறிய வீடுகளில் எளிதாக அமைந்துவிடும் இந்த ஏற்பாட்டில், இரைச்சல் மிகுந்த இடமும் சமிக்ஞை நலிந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

சட்ட நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய அரசு 2005 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பு, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றது. ஆனால் அந்த விலக்கு, பிறருக்கு இடையூறு செய்யாமலும், தனக்குப் பாதுகாப்புக் கோராமலும், பகிர்ந்து பயன்படுத்துவதாகவே அளிக்கப்பட்டது. அதாவது ஒட்டிக் கட்டிய தெருவில் பக்கத்து வீட்டு வைஃபை பெட்டி கேம்பேடின் அலையை நெருக்கினால், முறையிட எவருக்கும் உரிமை இல்லை. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் பரப்பு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டதால் வைஃபை அங்கே குடிபெயர முடிகிறது. புளூடூத் கேம்பேடுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இத்தனையும் உண்மையாயிருந்தும், இந்த விடையில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. அலை நெரிசல் செய்திப் பொட்டலங்களை இழக்கச் செய்யும்; பிரேம்களை எப்படி இழக்கச் செய்யும் என்பதை அது விளக்குவதில்லை. வழக்கமான புளூடூத் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. 2003இல் வந்த 1.2 பதிப்பு முதல், நெரிசலான தடங்களைத் தவிர்த்துக் குறைந்தது 20 தடங்களுக்குள் தாவும் திறனும் அதற்கு உண்டு. ஒரு தாவலின் காலம் 625 மைக்ரோநொடி என்பதால், ஒரு பொட்டலம் தொலைந்தாலும் ஓரிரு மில்லிநொடிக்குள் மறுபடி அனுப்பப்பட்டுவிடும். தொடர்ந்து பல தொலைந்தாலும், நன்கு எழுதப்பட்ட விளையாட்டு கடைசியாகத் தெரிந்த நிலையை வைத்துக்கொண்டு அடுத்த பிரேமை உரிய நேரத்தில் வரைந்துவிடும். அப்போது திரையில் தெரிவது திக்கல் அல்ல: விரலை எடுத்த பிறகும் ஆட்டக்காரர் அதே திசையில் ஓடிக்கொண்டிருப்பதும், திரும்ப வேண்டிய கார் வளைவைத் தாண்டிப் போவதும்தான். இவை உள்ளீட்டுத் தாமதத்தின் அடையாளங்கள். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடுவது, இந்தத் துறையின் மிகப் பரவலான பிழை என்று கருத இடமுண்டு.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பல மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில், சில நேரம் ஒரே ஆண்டெனாவில் அமர்ந்து நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையவழி ஆட்டம் நடக்கும்போது கேம்பேடும், அதோடு புளூடூத் ஹெட்செட்டும் சேர்ந்தால், வைஃபையின் பங்கு சுருங்கி, சர்வர் செய்திகள் தாமதித்து, பாத்திரங்கள் குதிக்கக்கூடும். அது மூன்றாம் வகைக் கோளாறு. அதற்கு மருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அல்லது லேன் கேபிள்.

இயக்க அமைப்பின் சுமை என்னும் விடை

இரண்டாம் தரப்பு கணினிக்குள்ளே பார்க்கிறது. ஒரு கருவி செய்தி அனுப்பும்போது செயலியின் நடப்பு வேலையை நிறுத்தி அழைக்கும் சமிக்ஞைக்கு இன்டரப்ட் என்று பெயர். அதைத் தொடர்ந்து, சற்றே தள்ளிப்போட்டு முடிக்கப்படும் இயக்கி வேலையை விண்டோஸ் டி.பி.சி. என்று அழைக்கிறது. புளூடூத், வைஃபை அல்லது யு.எஸ்.பி. இயக்கி சரியாக எழுதப்படாமல் இவ்வேலையை நீட்டித்தால், விளையாட்டு உட்பட அனைத்தும் காத்திருக்கும். ஒலியில் பொரிபொரிச் சத்தமும் மவுஸ் சுட்டியின் தடுமாற்றமும் படத் தடங்கலோடு ஒரே கணத்தில் வருவது இதன் அடையாளம். லேட்டன்சிமான் போன்ற கருவிகள் எந்த இயக்கி குற்றவாளி என்று காட்டும்.

உள்ளீட்டுக் கருவியால் உண்மையிலேயே பிரேம்கள் குறைய முடியும் என்பதற்கு மவுஸ் உலகில் சான்று கிடைத்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்தி அனுப்பும் உயர்வேக மவுஸ்கள் விளையாட்டில் தடங்கலை உண்டாக்குவதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, பின்னணி நிரல்களுக்குச் செல்லும் மவுஸ் செய்திகளை மட்டுப்படுத்தும் திருத்தத்தை 2023இல் விண்டோஸ் 11இல் சேர்த்தது. ஆனால் பெரும்பாலான கேம்பேடுகள் அந்த வேகத்தை நெருங்குவதில்லை. புளூடூத்தின் குறைந்த ஆற்றல் வகை, மரபான அமைப்பில், 7.5 மில்லிநொடிக்கு ஒருமுறைக்கு மேல் பேசுவதில்லை. ஆகவே இயக்கி பழுதாயிருந்தாலோ செயலி மிக எளியதாயிருந்தாலோ தவிர, செய்திகளின் எண்ணிக்கை மட்டுமே பிரேம் வீதத்தைக் குறைக்கும் என்பது நம்பத்தக்கதாக இல்லை. 2011 முதல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் போன்ற எளிய இயந்திரங்களில் விளையாடுவோர் மட்டும் இந்த விடையைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்ப்பது நல்லது.

விளையாட்டு நிரலே நின்று காத்திருக்கிறது என்னும் விடை

மிகக் குறைவாகப் பேசப்படுவதும், பிரேம் தடங்கலை மிக நேராக விளக்குவதும் இந்தத் தரப்பே. குடியாத்தத்து நெசவோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறியையே நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. துணியில் ஊடையில்லாத இடைவெளி விழக்கூடாது என்பதால் அங்கே நிற்பதுதான் சரி. விளையாட்டு நிரல் அப்படி நிற்கக்கூடாது. கேம்பேடின் செய்தி வராவிட்டாலும் அது ஓட வேண்டும். ஆனால் பல நிரல்கள் தறியைப் போல எழுதப்பட்டுவிடுகின்றன. படத்தை வரையும் முதன்மை இழையே, அதாவது வேலைகளை வரிசையாகச் செய்துகொண்டு போகும் நிரலோட்டமே, கருவியின் பதிலுக்காக நின்றுவிடுகிறது.

முதல் எடுத்துக்காட்டு எக்ஸ்இன்புட். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய இந்த இடைமுகத்தில் நான்கு இருக்கைகள் உண்டு; விளையாட்டு ஒவ்வோர் இருக்கையிலும் உள்ள கேம்பேடின் நிலையைக் கேட்டறியும். கேம்பேட் இருக்கும் இருக்கையைக் கேட்பது மிக விரைவாக முடியும். காலியான இருக்கையைக் கேட்டால், புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று அமைப்பு தேடத் தொடங்கும், அதற்கு நேரமாகும். அதனால்தான் காலி இருக்கையை ஒவ்வொரு பிரேமிலும் கேட்காதீர்கள், சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள் என்று மைக்ரோசாஃப்டின் வழிகாட்டியே நிரலாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. அதைப் பின்பற்றாத விளையாட்டில் நிலைமை தலைகீழாகிவிடும்: கேம்பேட் விழித்திருக்கும்போது ஆட்டம் சீராக ஓடும், மின்கலத்தைச் சேமிக்க அது உறங்கப்போன பிறகு பிரேம்கள் விழத்தொடங்கும். கம்பி வழியே மின்சாரம் பெறும் கேம்பேடுக்கு உறங்க வேண்டிய தேவை இல்லை. ஆக, வேறுபாட்டை உண்டாக்குவது அலை அன்று, கேம்பேடின் உறக்கம்.

இரண்டாவது, கருவிகளை எண்ணிக் கணக்கெடுத்தல். கணினியில் ஏதேனும் ஒரு கருவி இணைந்தாலும் பிரிந்தாலும் விண்டோஸ் எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கிறது. பழைய டைரக்ட்இன்புட் இடைமுகத்தையும் எக்ஸ்இன்புட்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் விளையாட்டுகள் அந்த அறிவிப்பைக் கேட்டதும், கீபோர்டு முதல் யு.பி.எஸ். வரை இணைந்திருக்கும் எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, எது எந்த வகை என்று பிரிக்க முற்படும். இந்தக் கணக்கெடுப்பை முதன்மை இழையிலேயே செய்தால், ஒரு பிரேமுக்குரிய கெடு பல மடங்கு தாண்டிவிடும். கம்பியிணைப்பில் இது ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை நடந்து முடிந்துவிடும். சமிக்ஞை நலிந்த டாங்கிளிலோ மின்கலம் தீரும் நிலையிலுள்ள கேம்பேடிலோ, இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப நடக்கக்கூடும்.

அலை நெரிசல் என்ற முதல் விடையும் நிரல் குறை என்ற இந்த விடையும் சந்திக்கும் இடம் இதுதான். அலை நெரிசல் நேரடியாகப் பிரேம்களை வெட்டுவதில்லை. அது இணைப்பை அறுக்கிறது, அறுந்த இணைப்பு கணக்கெடுப்பைத் தூண்டுகிறது, கணக்கெடுப்பு ஆட்டத்தை நிறுத்துகிறது. டாங்கிளை நகர்த்திவைத்ததும் தடங்கல் தீர்ந்தது என்று சொல்பவரும், அது விளையாட்டின் குறையே என்று சொல்பவரும் ஒரே சங்கிலியின் இரு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

மூன்றாவது, அதிர்வு. வெடி வெடிக்கும்போது கேம்பேட் கையில் நடுங்குவது, கணினியிலிருந்து கேம்பேடுக்குப் போகும் எதிர்த்திசைச் செய்தி. அதை எழுதி முடிக்கும்வரை நிரல் காத்திருக்க வேண்டியிருந்தால், வெடிப்பு நிகழும் அந்தக் கணத்தில், வரைவதற்கு மிக அதிக வேலை இருக்கும் அதே பிரேமில், கூடுதல் தாமதமும் வந்து சேரும். பல விளையாட்டுகள் பயன்படுத்தும் எஸ்.டி.எல். என்ற திறந்த நிரலகம், முதன்மை நிரல் தடைபடாதிருக்க அதிர்வுக் கட்டளைகளைத் தனி இழையில் எழுதும் ஏற்பாட்டைக் கொண்டிருப்பது, இச்சிக்கல் கற்பனையன்று என்பதைக் காட்டுகிறது.

இந்தத் தரப்பின் பலவீனம் அதன் ஆதாரம் மறைவாயிருப்பது. விற்பனையாகும் விளையாட்டுகளின் மூலநிரல் வெளியாருக்குத் தெரிவதில்லை. எந்த விளையாட்டு எந்த இழையில் எதைக் கேட்கிறது என்பதை அடையாளங்களிலிருந்து ஊகிக்க மட்டுமே முடிகிறது.

நடுவில் நிற்கும் மென்பொருள்கள்

ஸ்டீம் இன்புட், டி.எஸ்.4விண்டோஸ் போன்றவை ஒரு வகைக் கேம்பேடை இன்னொரு வகையாக விளையாட்டுக்குக் காட்டுகின்றன. டி.எஸ்.4விண்டோஸ், விஜெம் என்ற இயக்கியின் வழியே ஒரு மெய்நிகர் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடை உருவாக்குகிறது; அந்த இயக்கியின் மேம்பாடு 2023இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இவை எடுத்துக்கொள்ளும் கணிப்புநேரம் சிறிது. தொல்லை தருவது இரட்டைத் தோற்றம். உண்மைக் கேம்பேடும் மெய்நிகர் கேம்பேடும் ஒருசேரத் தெரியும்போது, அல்லது தேய்ந்த குச்சி தானாகவே சற்று நகர்ந்தபடி இருக்க மவுஸும் அசையும்போது, திரையில் காட்டும் பொத்தான் படங்களைச் சில விளையாட்டுகள் மாற்றி மாற்றி ஏற்றுகின்றன; அந்த மாற்றமே தடங்கலாகத் தெரியும்.

கம்பியே எப்போதும் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கேம்பேட், கம்பியில் இணைக்கும்போது விண்டோஸில் ஓர் ஒலிக்கருவியாகவும் பதிவாகிறது. ஒலி வெளியீடு அதற்கு மாறிவிட்டால் குழப்பம் கம்பியால்தான் வரும்.

கேம்பேடுக்குத் தொடர்பே இல்லை என்னும் விடை

ஐந்தாம் தரப்பு, பிரேம் குறைவு இல்லை அல்லது இருந்தாலும் அதற்குக் கேம்பேட் காரணமில்லை என்கிறது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. குச்சியைச் சாய்த்துக் காட்சியைச் சுற்றும்போது படம் ஒரே வேகத்தில் நகர்கிறது. கண் அந்தச் சீரான நகர்வைப் பின்தொடர்வதால் சிறு தடங்கலும் பளிச்சென்று தெரிகிறது. மவுஸின் வெட்டி வெட்டி நகரும் இயக்கத்தில் அதே தடங்கல் மறைந்துவிடும்.

இடமாற்றமும் ஒரு காரணம். கம்பியை விட்டவர் மேசையை விட்டு எழுந்து, கட்டிலில் அமர்ந்து, கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடத் தொடங்குகிறார். 1920×1080 திரைக்குப் பதில் 3840×2160 திரை வந்தால், ஒவ்வொரு பிரேமிலும் நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். பழி கேம்பேடின் மேல் விழும். விளையாட்டு வெளிப்புற ஹார்டு டிஸ்கில் ஏற்றப்பட்டிருந்தால், அது அலை இரைச்சலும் தரும், காட்சித் தரவைத் தாமதமாகவும் தரும். டாங்கிளை நகர்த்தினால் முதலாவது மட்டுமே தீரும். இனி வெயில். மே மாதக் கத்திரியில் வேலூர் வட்டாரத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டப்படாத அறையில் அரைமணி நேரம் ஓடிய மடிக்கணினி, தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விடுமுறையும் புதுக் கேம்பேடும் கத்திரியும் ஒரே மாதத்தில் வரும்போது, எது எதற்குக் காரணம் என்று வெறுங்கண்ணால் சொல்ல இயலாது.

பிரித்தறியும் வழி

மேற்கண்ட விடைகளைப் பிரிக்க, பிரசென்ட்மான் போன்ற இலவச அளவுக்கருவியால் பிரேம் நேரத்தைப் பதிவு செய்து, ஒரே காட்சியை, இயந்திரம் சூடேறி நிலைபெற்ற பிறகு, நான்கு நிலைகளில் ஓட்டிப் பார்க்கலாம்: கேம்பேடே இல்லாமல், கம்பியில், கம்பியின்றி, கம்பியின்றி இணைத்துத் தொடாமல் வைத்துவிட்டு, கீபோர்டு மவுஸால். பொதுவாக எவரும் செய்யாத நான்காம் நிலைதான் மிகுதியாகப் பேசுகிறது. தொடாத கேம்பேடே தடங்கலை உண்டாக்கினால், கண்மயக்கம் என்ற விடையும் அதிர்வு என்ற விடையும் விலகும். கணக்கெடுப்பும் இயக்கியும் எஞ்சும். தொட்டு ஆடும்போது மட்டும் தடங்கல் வந்தால், அதிர்வை அணைத்து மறுபடி அளக்க வேண்டும். கேம்பேட் அணைந்த பிறகு தடங்கல் தொடங்கினால், காலி இருக்கையை ஐயுறலாம். நான்கிலும் ஒரே வரைகோடு வந்தால், கேம்பேடை விட்டுவிட்டு வெப்பத்தையும் திரையையும் ஹார்டு டிஸ்கையும் பார்க்க வேண்டும்.

அளந்த பிறகு செய்யும் மருந்துகளில் மலிவானவையே முதலில் வர வேண்டும். யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியால் டாங்கிளைக் கேபினெட்டின் பின்புறத்திலிருந்து எடுத்து, பீரோ மறைக்காத இடத்தில், கேம்பேடின் நேர்ப்பார்வையில் வைப்பது. டாங்கிளைக் கறுப்பு நிற யு.எஸ்.பி. 2.0 துளைக்கும் ஹார்டு டிஸ்கை எட்டத்துத் துளைக்கும் மாற்றுவது, மின்கலத்தைப் புதுப்பிப்பது, யு.எஸ்.பி. கருவிகளை உறங்கவைக்கும் விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்துவது. இரட்டைத் தோற்றம் தரும் துணை மென்பொருளில் ஒன்றை அணைப்பது. இவற்றுள் எதுவும் ஒரு கிராபிக்ஸ் கார்டின் விலையில் ஒரு சிறு பங்கைத் தாண்ட வாய்ப்பில்லை.

எஞ்சி நிற்பவை

அலை நெரிசல் உள்ளீட்டைத் தாமதிக்கும் என்பது நிலைநாட்டப்பட்டது; காலி இருக்கையைக் கேட்பதும் முதன்மை இழையில் கணக்கெடுப்பதும் பிரேமைத் தாமதிக்கும் என்பதும் ஐயமற்றது. முன்னது பின்னதை எவ்வளவு அடிக்கடி தூண்டுகிறது என்பதே திறந்திருக்கும் கேள்வி. அதை விடுவிக்க, இணைப்பு அறுந்த கணங்களின் பதிவையும் பிரேம் நேரப் பதிவையும் ஒரே கடிகாரத்தில் ஒப்பிட வேண்டும். அதுவும் அலை புகாத ஆய்வுக்கூடத்தில் அன்றி, சுவரொட்டிய வீடுகள் நிறைந்த தெருவில், எல்லா வீட்டு வைஃபையும் விழித்திருக்கும் மாலை வேளையில்.

இரு கேம்பேடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடிய கால்பந்தில் தம்பி எழுந்து போகிறான். சிறிது நேரத்தில் அவனுடைய கேம்பேட் உறங்கி, இரண்டாம் இருக்கை காலியாகிறது. தனியே ஆடும் அண்ணனின் திரையில் அதன்பின் தோன்றும் தடங்கலுக்கு, அவன் கையில் விழித்திருக்கும் கேம்பேடையோ அதன் அலையையோ எவ்வளவு சோதித்தாலும் விடை கிடைக்காது.